கெனோராவா, ஃபால்கன் லேக்கா, இருக்கிற வினிபெக்கே போதுமா?

ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கனடாவின் மனிடோபா மாகாணத் தலைநகரான வினிபெக்கின் கிழக்கு விளிம்பில் நின்று பாருங்கள். நெடுஞ்சாலை 1 ஒரே பக்கமாக ஓடும் ஆறு மாதிரி இருக்கும். வண்டிக்குப் பின்னால் படகு, கூரையில் கயாக், பின் சீட்டில் நாய். எங்கே பயணம் என்று கேட்டால் "லேக்குக்கு" என்பார்கள். எந்த லேக் என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். இந்த ஊரில் சில வருஷம் இருந்தால் அந்தக் காய்ச்சல் தானாகத் தொற்றிவிடும். எங்களுக்குத் தொற்றி இரண்டு கோடை ஆகிறது.

முதலில் அது வெறும் ஆசைதான். என் மனைவி நர்ஸ். கெனோராவில் அவளுக்கு ஒரு வேலைக்கு வழி பிறந்த பிறகு ஆசை கணக்காக மாறியது. என் வேலை, இணையம் இருக்கும் எந்த ஊரிலும் நடக்கும். மகள் ஒன்பதாம் வகுப்பு. அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரை, முழங்கால் வலி. இந்த நாலு பேரையும் தராசில் வைத்து மூன்று வழிகளை எடை போட்டோம். வீட்டை விற்றுவிட்டு, ஒன்டாரியோ மாகாணத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் கெனோராவுக்கே குடிபோவது ஒன்று. வினிபெக்கில் இருந்துகொண்டே, எல்லைக்கு இந்தப் பக்கம், அதாவது மனிடோபாவில், ஃபால்கன் லேக்கில் ஒரு கேபின் வாங்குவது இன்னொன்று. எதையும் வாங்காமல் கோடையில் ஒரு வாரம், இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்துப் போய்வருவது மூன்றாவது.

கிம்லி, கிராண்ட் பீச் என்று வடக்கே வினிபெக் ஏரிக்கரையிலும் இடங்கள் இருக்கின்றன. 2013இல் அந்த ஏரிக்குள் வரிக்குதிரைச் சிப்பி என்ற, எதிலும் ஒட்டிப் பெருகும் அந்நியச் சிப்பி புகுந்த பிறகு என் ஆர்வம் குறைந்துவிட்டது. அதனால் அந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

கெனோரா எப்படிப்பட்ட ஊர்

2021 கணக்கெடுப்பின்படி கெனோராவின் மக்கள்தொகை 14,967. நம் ஊர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி. லேக் ஆஃப் த வுட்ஸ் என்ற பெரிய ஏரியின் வடக்கு முனையில், ஏரித் தண்ணீர் வினிபெக் ஆறாக வெளியேறும் இடத்தில் இருக்கிறது. ஏரியில் 14,500க்கும் மேற்பட்ட தீவுகள். ஒன்டாரியோ, மனிடோபா, அமெரிக்காவின் மின்னசோட்டா மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. படகில் போகும்போது இது ஏரி என்றே தோன்றாது. தீவுக்குப் பின்னால் தீவு, நடுவில் சந்து சந்தாகத் தண்ணீர். வழி தெரியாதவர்கள் வரைபடம் இல்லாமல் போகக்கூடாது.

ஊரின் பழைய பெயர் ராட் போர்ட்டேஜ். கஸ்தூரி எலிகளின் நாட்டுக்குப் படகைத் தூக்கிச் செல்லும் வழி என்று, இந்தப் பகுதிப் பழங்குடிகளான அனிஷினாபே மக்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது. 1905இல் கீவாட்டின், நார்மன், ராட் போர்ட்டேஜ் என்ற மூன்று பெயர்களிலிருந்தும் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை எடுத்து கெனோரா ஆக்கினார்கள். 'ராட்', அதாவது எலி, என்று அச்சடித்த பையில் மாவு விற்க முடியாது என்று ஒரு மாவுக் கம்பெனி அடம்பிடித்ததுதான் காரணம் என்று ஒரு கதை உலவுகிறது. கதைதான், ஆனால் நம்பும்படி இருக்கிறது! 1907 ஜனவரியில் இந்த ஊரின் ஐஸ் ஹாக்கி அணி, அந்த ஆட்டத்தின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றது. இவ்வளவு சின்ன ஊர் வேறெதுவும் அந்தக் கோப்பையை வென்றதில்லை. இரண்டே மாதத்தில் தோற்றுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கரையோரப் பூங்காவில் 40 அடி உயர மீன் சிலை ஒன்று நிற்கிறது, பெயர் ஹஸ்கி. வந்தவர்கள் எல்லாரும் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், நாங்களும்தான்.

ஊரை வளர்த்தது ரயிலும் மரமும். காகித ஆலை 2005இல் மூடப்பட்டது. இப்போது மரப்பலகை ஆலை, ஆஸ்பத்திரி, அரசு அலுவலகங்கள், சுற்றுலா. ஊருக்குள் சரக்கு ரயில் இரவு பகலாகப் போகிறது. ஆனால் ஏறிப் போகப் பயணிகள் ரயில் கிடையாது. 1990இல் அது வடக்குப் பாதைக்கு மாறிவிட்டது. கோடையில் படகுத்துறைப் பக்கம் போனால் பணக்கார ஊர் என்று தோன்றும். நவம்பரில் அதே தெருவில் நடந்தால், பாதிக் கடைகள் மூடியிருக்க, வீடில்லாதவர்கள் குளிரில் நிற்பது கண்ணில் படும். இந்த மண் அனிஷினாபே மக்களுடையது. 1873இல் அவர்களுக்கும் கனடா அரசுக்கும் இடையே கையெழுத்தான 3ஆம் உடன்படிக்கை இதே ஏரியின் கரையில்தான் முடிவானது. சேனி வென்ஜாக் என்ற 12 வயதுச் சிறுவன், 1966 அக்டோபரில், பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த கெனோராவின் உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து தப்பி, 600 கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டுக்கு நடந்தே கிளம்பினான். ரயில் பாதை ஓரத்தில் குளிரில் இறந்து கிடந்தான். வீடு பார்க்கப் போகிறவர்களுக்குக் காட்டும் பளபளப்பான படங்களில் இதெல்லாம் இருக்காது. அங்கேயே வாழப் போகிறவர்கள் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

எல்லைக்கோடு

காகிதத்தில் கெனோரா ஒன்டாரியோ. வாழ்க்கையில் அது வினிபெக்கின் கொல்லைப்புறம். மாகாணத் தலைநகரான டொரொன்டோ சாலை வழியே சுமார் 1,900 கிலோமீட்டர். அதே மாகாணத்தின் அடுத்த பெரிய ஊரான தண்டர் பே 490 கிலோமீட்டர். வினிபெக்கோ சுமார் 210தான். கடிகாரம்கூட டொரொன்டோவை விட்டுவிட்டு வினிபெக் நேரத்தோடு ஓடுகிறது. எல்லை ஊருக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில்.

அந்தக் கோடு எங்கே விழ வேண்டும் என்று ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. 1881இல் மனிடோபாவின் எல்லையை விரித்தபோது இரண்டு மாகாணங்களும் ராட் போர்ட்டேஜ் எனக்குத்தான் என்றன. இரண்டும் தனித்தனியே போலீஸ் வைத்தன. 1883இல் ஊர்க்காரர்கள் இரண்டு மாகாணத் தேர்தல்களிலும் ஓட்டுப் போட்டார்கள். 1884இல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் ஒன்டாரியோ பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1889இல் அது சட்டமாயிற்று. தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் எங்கள் கணக்கில் பாதி தேவைப்பட்டிருக்காது.

நாங்கள் போட்ட கணக்கில் ஏரி, மீன், சூரிய அஸ்தமனம் எல்லாம் மூன்று வழிகளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க இந்தக் கோட்டினால் வருகிறது.

வருமான வரியை எடுத்துக்கொள்ளுங்கள். மாகாண வரியின் முதல் படி ஒன்டாரியோவில் 5.05 சதவீதம், மனிடோபாவில் 10.8. நடுத்தரச் சம்பளக்காரர்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. டிசம்பர் 31 அன்று நீங்கள் எந்த மாகாணத்தில் குடியிருக்கிறீர்களோ, அந்த வருஷம் முழுவதற்கும் அந்த மாகாணத்தின் வரிதான். வினிபெக் கம்பெனிக்குக் கெனோராவிலிருந்து வேலை செய்தால் மாதாமாதம் மனிடோபா கணக்கில் பிடிப்பார்கள். வரித் தாக்கலின்போது அதிகம் பிடித்தது திரும்ப வரும். சரி, கெனோராவுக்குப் போனால் லாபம்தானே என்று எழுந்தேன். மனைவி உட்காரச் சொன்னாள்.

கார் இன்சூரன்ஸ் மனிடோபாவில் 1971 முதல் அரசு நிறுவனத்தின் கையில். ஒன்டாரியோவில் தனியார் கம்பெனிகள். கேட்கிற தொகைகள் வேறு ரகம். மின்சாரமும் மனிடோபாவில் மலிவு. குளிர்காலத்தில் மின்சாரத்தால் சூடாக்கும் வீடு என்றால் அந்த ஒரு பில்லே வரியில் மிச்சமானதைத் தின்றுவிடும். விற்பனை வரி ஒன்டாரியோவில் எச்.எஸ்.டி என்ற பெயரில் 13 சதவீதம். மனிடோபாவில் 5ம் 7ம் சேர்த்து 12. இதில் பெரிதாக ஒன்றும் இல்லை, விட்டுவிடலாம். குடிபோனால் 60 நாளுக்குள் ஓட்டுநர் உரிமம் மாற்ற வேண்டும். மனைவியின் நர்ஸ் பதிவும் மாகாணத்துக்கு மாகாணம் தனி. மகளின் பள்ளிக்கணக்கும் அப்படியே: ஒன்டாரியோவில் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வாங்க 40 மணி நேரம் சமூக சேவை செய்திருக்க வேண்டும், தனியாக ஓர் எழுத்தறிவுத் தேர்வும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் மாறினால் சமாளிக்கலாம், பதினொன்றில் மாறினால் பிள்ளை நம்மைச் சும்மா விடாது.

இன்னொன்று, இது எங்களுக்கு இல்லை, ஆனால் பலர் கேட்கிறார்கள்: நிரந்தரக் குடியுரிமை இல்லாமல் வேலை அனுமதியில் மட்டும் இருப்பவர்கள் ஒன்டாரியோவில் வீடு வாங்கினால் 25 சதவீதக் கூடுதல் வரி குறுக்கே நிற்கும். 2022 மார்ச்சிலிருந்து அந்த வரி மாகாணம் முழுவதற்கும், அதே வருஷம் அக்டோபரிலிருந்து 25 சதவீதம். விலக்குகளும் உண்டு, வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்கு மேல், குடியுரிமையோ நிரந்தரக் குடியுரிமையோ இல்லாதவர்கள் வீடு வாங்க மத்திய அரசு போட்ட தடையும் தனியாக இருக்கிறது.

அம்மாவின் முழங்கால்

மருத்துவம்தான் எங்களை அதிக நேரம் யோசிக்க வைத்தது. கெனோராவில் ஆஸ்பத்திரி இருக்கிறது. பிரசவம், எலும்பு முறிவு, அவசரச் சிகிச்சை எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் இதயம், புற்றுநோய், பெரிய அறுவை என்று வந்தால் வினிபெக்குக்கோ தண்டர் பேக்கோ அனுப்புவார்கள். 210க்கும் 490க்கும் நடுவே யாரும் யோசிக்க மாட்டார்கள். அப்போது ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு மனிடோபா ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். அதற்கு மாகாணங்களுக்கு இடையே ஏற்பாடு இருக்கிறது. பில் அவர்களுக்குள் தீர்ந்துவிடும். நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் நிபுணரைப் பார்க்கும் வடக்கு ஒன்டாரியோக்காரர்களுக்குப் பயணச் செலவில் ஒரு பங்கை மாகாணம் தருகிறது; மனிடோபா போனாலும் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் ஜனவரியில், மைனஸ் 30இல், 72 வயது அம்மாவை உட்காரவைத்து 210 கிலோமீட்டர் ஓட்டுகிற அலுப்புக்கு மானியம் கிடையாது.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். மனிடோபா அட்டை உள்ளவர் கெனோராவில் விழுந்து காலை உடைத்துக்கொண்டால் சிகிச்சைக்குக் கவலையில்லை, ஆம்புலன்ஸ் பில் மட்டும் நம் தலையில். விடுமுறைக்குப் போகும்போதுகூடத் தனியாக ஒரு பயணக் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலோர் உள்நாடுதானே என்று விட்டுவிடுகிறார்கள்.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வினிபெக்கிலிருந்து ஃபால்கன் லேக் வரை நான்கு வழிச்சாலை. அதற்கப்புறம் எல்லை தாண்டிக் கெனோரா வரை, பெரும்பகுதி, பாறையைக் குடைந்து வளைந்து போகும் இருவழிச் சாலை. அகலப்படுத்தும் வேலை கட்டம் கட்டமாக நடக்கிறது. ஒன்டாரியோ பக்கம் முதல் கட்டம் எல்லையிலிருந்து ஆறரை கிலோமீட்டர். பொழுது சாயும் நேரத்தில் மான் குறுக்கே வரும். எதிரே லாரி, பக்கத்தில் பாறை, ஒதுங்க இடம் இல்லை. இந்த ஐம்பது சொச்சம் கிலோமீட்டரைக் கோடையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது தப்பு. பிப்ரவரியில் ஓட்டிப் பாருங்கள்.

ஃபால்கன் லேக்

இது நகராட்சி இல்லை, வைட்ஷெல் மாகாணப் பூங்காவுக்குள் இருக்கும் ஒரு சின்னக் குடியிருப்பு. வினிபெக்கிலிருந்து 150 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். கடற்கரை மாதிரி மணல், கோல்ஃப் மைதானம், குளிர்காலத்தில் ஒரு சின்னப் பனிச்சறுக்கு மேடு. பக்கத்தில் வெஸ்ட் ஹாக் லேக்; விண்கல் விழுந்து உண்டான பள்ளம், ஆழம் 115 மீட்டர், மனிடோபாவிலேயே ஆழமான ஏரி. 1967 மே மாதம் ஃபால்கன் லேக் காட்டில் பறக்கும் தட்டைப் பார்த்ததாகவும் அது தன் மார்பைச் சுட்டதாகவும் ஒருவர் சொன்னார். கனடா நாணயச் சாலை 2018இல் அதற்கு ஒரு வெள்ளி நாணயமே வெளியிட்டது. என் மகளுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

எனக்குப் போதவில்லை. பூங்காவுக்குள் மனை நமக்குச் சொந்தமாகாது. நிலம் மாகாணத்துடையது, நாம் குத்தகைதாரர். வருஷா வருஷம் நில வாடகையும் சேவைக் கட்டணமும் கட்ட வேண்டும். அதை எவ்வளவு ஏற்றுவது என்று அரசுக்கும் கேபின்காரர்களுக்கும் ஓயாத இழுபறி. கட்டடத்தில் ஒரு அறை சேர்ப்பதற்கும் பூங்கா விதி உண்டு. குத்தகை நிலத்துக்குக் கடன் என்றால் வங்கிக்காரர் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொள்கிறார். நம் ஆட்களுக்கு மண் நம் பேரில் பத்திரமாக இருந்தால்தான் தூக்கம் வரும். இதைக் கேட்டதும் அம்மா, "அப்போ நமக்குச் சொந்தம் வெறும் பலகைதானா?" என்றாள்.

அதற்காக இதைத் தள்ளிவிடவும் முடியாது. எல்லை தாண்ட வேண்டாம். வரி, அட்டை, உரிமம், பள்ளி, எதுவும் மாறாது. சாலை நல்ல சாலை. வாரக்கடைசிக்கு மட்டும் என்றால் கெனோராவில் ஒரு கேம்ப் வாங்குவதைவிட இதுதான் சரி என்பது என் எண்ணம். (எல்லைக்கு அந்தப் பக்கம் அதே மரவீட்டைக் 'கேம்ப்' என்பார்கள், இந்தப் பக்கம் 'கேபின்', 'காட்டேஜ்'. வினிபெக்காரரா, கெனோராக்காரரா என்று இந்த ஒரு சொல்லிலேயே பிடித்துவிடலாம்.)

கெனோரா பக்கம் மனை சொந்தமாகக் கிடைக்கும். ஆனால் மலிவாகத் தெரிகிற பல இடங்கள் தீவில் இருக்கும். படகில்தான் போக வேண்டும். ஏரி உறையும்போதும் மே மாதவாக்கில் உடையும்போதும் சில வாரம் படகும் ஓடாது, பனிமேல் வண்டியும் ஓடாது. தண்ணீர்க் குழாய், கழிவுத் தொட்டி எல்லாம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். கைவேலை தெரியாத என்னைப் போன்றவன் தீவு வீடு வாங்குவது, நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதிக்கிற மாதிரி.

மூன்றாவது வழி

எதையும் வாங்காமல் இருப்பது சோம்பேறித்தனமாகத் தெரியும். கணக்குப் போட்டால் இதுதான் மலிவு. கோடையில் இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்தால் கேபினின் ஒரு வருஷப் பராமரிப்புச் செலவைத் தொடாது. வினிபெக்கில் 2021 கணக்கெடுப்பின்படி ஏழரை லட்சம் மக்கள், இரண்டு பெரிய பல்கலைக்கழகம், கோயில், உளுந்தும் கறிவேப்பிலையும் கிடைக்கும் கடைகள். கெனோராவில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் உண்டு. ஆனால் இட்லி அரிசிக்கு 210 கிலோமீட்டர். பொங்கலுக்குக் கூடும் கூட்டத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதும் அம்மாவுக்குச் சின்ன விஷயம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், வினிபெக்கில் குழாயைத் திறந்தால் வருவது அந்தப் பக்கத்துத் தண்ணீர்தான். லேக் ஆஃப் த வுட்ஸோடு சேர்ந்த ஷோல் லேக்கிலிருந்து, எல்லையை ஒட்டி எடுத்து, 155 கிலோமீட்டர் கால்வாய்க் குழாயில் பம்பு இல்லாமல் சரிவிலேயே ஓடிவருகிறது, 1919 முதல். அந்தக் கால்வாய் வேலையில் ஷோல் லேக் 40 என்ற பழங்குடிக் குடியிருப்பு தீவாகத் துண்டிக்கப்பட்டது. நூறு வருஷம் கழித்து 2019இல்தான் அவர்களுக்குச் சாலை வந்தது. நகரம் முழுக்க அந்த ஏரியைக் குடித்துக்கொண்டிருக்க, கரையில் இருந்தவர்கள் 1997 முதல் 2021 வரை, கொதிக்கவைக்காமல் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்ற எச்சரிக்கையோடு வாழ்ந்தார்கள். இதைப் படித்த நாளில் மகள் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றிருந்தாள்.

கடைசியில்

வாரக்கடைசி போதும் என்கிறவர்கள் ஃபால்கன் லேக்கில் குத்தகையைச் சகித்துக்கொள்ளலாம். பன்னிரண்டு மாதமும் அங்கேயே வாழப் போகிற, உடம்பில் பெரிய கோளாறு இல்லாத, உள்ளூரிலேயே வேலை உள்ளவர்களுக்குக் கெனோரா நல்ல ஊர்; கோடை வீடாக மட்டும் என்றால் நான் போகமாட்டேன். வீட்டில் முதியவர் இருந்தால், முதலில் அவருடைய மருத்துவர்களின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு தூரத்தை அளந்து பாருங்கள், அப்புறம் வீட்டைப் பாருங்கள்.

நாங்கள் மூன்றையும் எடுக்கவில்லை. மனைவி நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆறு மாத ஒப்பந்தத்தில் கெனோரா போகிறாள். அங்கே ஒரு படுக்கையறை வீடு வாடகைக்கு. நானும் மகளும் அம்மாவும் வினிபெக்கிலேயே. வீடும் குடும்பமும் இங்கே இருப்பதால் வரிக்கணக்கும் இங்கேயே நிற்கும் என்று கணக்காளர் சொல்லியிருக்கிறார். வாரம் விட்டு வாரம் வெள்ளிக்கிழமை மதியம் நாங்கள் மூவரும் கிழக்கே கிளம்புவோம். அந்த மாதங்களில் அந்தச் சாலையில் கூட்டம் இருக்காது. குளிர்கால டயருக்கு நேற்றுச் சொல்லியாயிற்று.